எல்லை கடந்த கோப்பு

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதனுள் எங்கள் திருப்புறமும் நின்றது. கோடு நிலத்தைப் பிரித்தது. கொள்வினை கொடுப்பினையைப் பிரிக்கவில்லை.

அரை நூற்றாண்டு கழித்து, அவ்வெல்லையில் வேறொரு கோட்டையும் கண்டேன். கேரளப் பள்ளிகளில் 2001-இல் தொடங்கிய கணினிக் கல்வித் திட்டம் நாளடைவில் லினக்ஸைத் தழுவிக்கொண்டது. ஆகவே தமக்கையார் வீட்டிலும் லினக்ஸே. களியக்காவிளைத் தட்டச்சுக் கடையிலோ விண்டோஸ். எங்கள் தந்தையார் சொல்லச் சொல்ல, குடும்ப வரலாற்றை அக்கடையில் தட்டெழுதுவித்து, பென் டிரைவில் வாங்கி வைத்திருந்தோம். அவர் மறைந்த பின் தமக்கையார் அதனைத் திறந்தார். கோப்பு இருந்தது, தமிழ் இல்லை. பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே நிறைந்திருந்தன. வேறு படியும் இல்லை.

இயங்குதளம் வேறுபட்ட கணினிகளுக்கிடையே வலைப்பின்னல் வழியே செல்லும் கோப்பு இரண்டு வாயில்களைக் கடத்தல் வேண்டும். முதலாவது, கோப்பைக் கேட்டுப் பெறும் முறை. நிறுவனங்கள் அம்முறையை மறைத்து வைத்திருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்னும் மாணவர், கணினிகள் தம்முள் பரிமாறும் செய்திகளை உற்று நோக்கியே மறுமொழி கூறும் நிரலை எழுதி, 1992-இல் வெளியிட்டார். அதுவே பின்னர் சாம்பா எனப் பெயர் பெற்றது. மைக்ரோசாப்ட் தன் முறைகளைப் பிறருக்குத் தெரிவித்தல் வேண்டுமென ஐரோப்பிய ஆணையம் 2004-இல் பணித்தது. 2007-இல் நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது.

இரண்டாவது வாயில் எழுத்து. முற்காலத் தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துக்களின் எண்களில் தமிழைத் தத்தம் விருப்பப்படி அமர்த்தின. எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலமே தோன்றும். தமிழுக்கு யூனிகோடு 1991-இலேயே இடம் ஒதுக்கியது. எனினும் தமிழ்நாட்டரசு அதனை ஏற்றது 2010-இல்தான்.

எங்கள் கோப்பு பென் டிரைவில் வந்தமையால் முதல் வாயில் அதன் வழியில் இல்லை; இரண்டாவதில் தடைப்பட்டிருந்தது. கடைக்காரரிடம் எழுத்துருவின் பெயரைக் கேட்டறிந்து, மாற்று நிரல் கொண்டு யூனிகோடாக்கினோம். தந்தையாரின் குரல் மீண்டது.

டில்லியிலும் மும்பையிலும் வாழும் அன்பர்களே! உங்கள் பழைய வட்டுகளிலும் இத்தகைய கோப்புகள் உறங்கக்கூடும். எழுத்துருவின் பெயர் நினைவில் உள்ளபோதே அவற்றை மாற்றிவிடுங்கள். ஓலை செல்லரிக்குமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதினர் நம் முன்னோர். அக்கடமை இன்று நம்முடையது.