இரண்டு வருடப் பட்டமும் கடன் கணக்கும்

அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடிப்பவர்கள் எல்லோரும் ஹார்வர்டுக்கும் ஸ்டான்ஃபோர்டுக்கும் போய்விடுவதில்லை. லட்சக்கணக்கான பேர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் 'கம்யூனிட்டி காலேஜ்' எனப்படும் இரண்டு வருடக் கல்லூரியில்தான் சேர்கிறார்கள். அங்கே நர்சிங், வெல்டிங் என்று தொழில் படிப்பவர்கள் ஒரு பக்கம். மொழி, வரலாறு, உளவியல், கணிதம் என எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படித்து 'லிபரல் ஆர்ட்ஸ்' பட்டம் வாங்குபவர்கள் இன்னொரு பக்கம்.

இந்தப் பட்டத்தால் வரும் சம்பளம், அதற்காக வாங்கிய கடனை அடைக்கப் போதுமா? இன்று அங்கே பெரிதாக விவாதிக்கப்படும் கேள்வி இது. ஆனால் இந்தப் பட்டம் பிறந்த காலத்தில் இப்படி யாரும் கேட்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

பாதி வழிப் பட்டம்

சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். நான்கு வருடப் படிப்பை இரண்டு இரண்டாகப் பிரித்து, முதல் பாதிக்கு 'ஜூனியர் காலேஜ்' என்று பெயர் வைத்தவர். அந்த முதல் பாதியைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியிலேயே படித்துவிட்டு வரலாம் என்பது அவர் எண்ணம். அதன்படி 1901ல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், ஒரு உயர்நிலைப் பள்ளியின் தொடர்ச்சியாக ஆறு மாணவர்களுடன் ஜோலியட் ஜூனியர் காலேஜ் தொடங்கியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தப் படிப்பு தனியாக நிற்பதற்காக உருவானதல்ல. மூன்றாம் வருடத்தில் பல்கலைக்கழகத்துக்கு மாறினால்தான் அதற்கு முழு அர்த்தம். வணிகவியல் பாஷையில் சொன்னால், இது விற்பனைக்குத் தயாரான சரக்கு அல்ல, பாதி தயாரான சரக்கு.

இலவசமாக இருந்த காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1947ல் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழுவின் அறிக்கை வந்தது. பள்ளி 12 வருடம் இலவசம் என்றால், அடுத்த இரண்டு வருடமும் இலவசமாகவே இருக்கட்டும் என்றது அது. 'கம்யூனிட்டி காலேஜ்' என்ற பெயர் பரவலானதும் இந்த அறிக்கைக்குப் பிறகுதான்.

கலிஃபோர்னியா 1960ல் போட்ட உயர்கல்வித் திட்டம் இன்னும் தெளிவானது. பள்ளி மாணவர்களில் முதல் எட்டில் ஒரு பங்குக்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்குக்கு மாநிலக் கல்லூரிகள், மற்ற எல்லோருக்கும் இரண்டு வருடக் கல்லூரிகள். அங்கே நன்றாகப் படித்தால் மேலே மாறிக்கொள்ளலாம்.

செலவை மாநிலமும் உள்ளூர் சொத்து வரியும் ஏற்றதால் மாணவன் லாப நட்டம் பார்க்கத் தேவை இருக்கவில்லை. மேலே போனால் லாபம், போகாவிட்டால் இரண்டு வருடம். கடன் இல்லை.

ஆனாலும் அதே 1960ல் பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளர் ஒரு கசப்பான உண்மையை எழுதினார். பெரிய படிப்புக் கனவோடு வரும் மாணவர்களை மெதுவாக ஆற்றி, சின்ன இலக்கோடு திருப்தி அடைய வைக்கும் வேலையையும் இந்தக் கல்லூரிகள் செய்கின்றன என்றார்.

பில் மாணவன் கைக்கு வந்தது

1965ன் உயர்கல்விச் சட்டம் அரசு உத்தரவாதத்துடன் கல்விக் கடனைக் கொண்டுவந்தது. 1972ல் ஏழை மாணவர்களுக்கான, திருப்பித் தர வேண்டாத உதவித்தொகை வந்தது. இன்று அதன் பெயர் பெல் கிராண்ட்.

1978ல் கலிஃபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டுச் சொத்து வரிக்கு உச்சவரம்பு வைத்தார்கள். கல்லூரிகளின் வருமானம் அடிபட்டது. 1984ல் முதன்முறையாகக் கட்டணம் வந்தது, ஒரு யூனிட்டுக்கு 5 டாலர். 2012ல் அது 46 டாலர் ஆனது. 60 யூனிட் பட்டத்துக்கு 2,760 டாலர். அமெரிக்கக் கணக்கில் இது சொற்பம்தான், ஏழைகளுக்கு இதிலும் விலக்கு உண்டு. ஆனால் வாடகை, சாப்பாடு, புத்தகம், பஸ் செலவுக்கு விலக்கு கிடையாது. பலர் கடன் வாங்குவது இவற்றுக்கும் சேர்த்துத்தான்.

இன்னொரு பக்கம் கடன் சட்டம் இறுகியது. திவாலானாலும் முதல் ஐந்து வருடத்துக்குள் கல்விக் கடனை எளிதில் தள்ளுபடி செய்ய முடியாது என்று 1976ல் சட்டம் வந்தது. 1998ல் அந்தக் கால வரம்பும் போனது. மிகக் கடுமையான கஷ்டத்தை நீதிமன்றத்தில் நிரூபித்தால் மட்டுமே விடுதலை.

கணக்கு என்ன சொல்கிறது?

2023ல் முழுநேர வேலையில் இருந்தவர்களின் வாரச் சம்பளத்தை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பவரைப் பார்த்தால்:

பள்ளிப் படிப்பு மட்டும் - 899 டாலர்
இரண்டு வருடப் பட்டம் - 1,058 டாலர்
நான்கு வருடப் பட்டம் - 1,493 டாலர்

இரண்டு வருடப் பட்டத்தால் வாரத்துக்கு 159 டாலர் கூடுதல். வருடத்துக்கு 8,268. பத்தாயிரம் டாலர் கடனை 5 சதவீத வட்டியில் பத்து வருடத்தில் அடைக்க மாதம் 106 டாலர் போதும். அப்படியென்றால் லாபம்தானே?

அவசரப்பட வேண்டாம். இந்த 1,058ல் நர்ஸும் டெக்னீஷியனும் கலந்திருக்கிறார்கள். லிபரல் ஆர்ட்ஸ் பட்டத்தோடு நின்றவர்களின் சம்பளம் பொதுவாக அவர்களுடையதைவிடக் குறைவு. முழுநேர வேலை கிடைக்காதவர்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை.

இந்தப் பட்டத்தின் நிஜமான லாபம் 1,058க்கும் 1,493க்கும் நடுவில் இருக்கிறது. ஆனால் இந்தக் கல்லூரிகளில் சேர்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் நான்கு வருடக் கல்லூரிக்கு மாறுகிறார். ஆறு வருடத்துக்குள் நான்கு வருடப் பட்டம் வாங்குபவர் சுமார் ஆறில் ஒருவர். படித்த பாடங்களைப் புதிய கல்லூரி ஏற்காததும் ஒரு காரணம். கல்லூரி மாறியவர்கள் சராசரியாக 43 சதவீத கிரெடிட்டுகளை இழந்ததாக அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2017ல் மதிப்பிட்டது. கலிஃபோர்னியா இதை உணர்ந்து, மாநிலக் கல்லூரியில் இடம் உறுதி என்ற உத்தரவாதத்துடன் தனிப் பட்டம் ஒன்றை 2010ல் சட்டமாக்கியது.

விசித்திரம் என்னவென்றால், அமெரிக்காவில் தவணை கட்டத் தவறுபவர்களில் அதிகம் பேர் பெரிய கடனாளிகள் அல்ல. சில ஆயிரம் டாலர் மட்டும் வாங்கி, படிப்பைப் பாதியில் விட்டவர்கள்தான். கடன் சிறியது, ஆனால் அதை அடைக்கும் சம்பள உயர்வு வரவே இல்லை.

இப்போது

2025 ஜூலையில் ஒரு புதிய சட்டம் கையெழுத்தானது. இரண்டு வருடப் பட்டம் பெற்றவர்களின் நடுநிலைச் சம்பளம், பள்ளிப் படிப்பு மட்டும் உள்ளவர்களின் சம்பளத்தைத் தாண்ட வேண்டும். மூன்று வருடத்தில் இரண்டு முறை தாண்டாவிட்டால் அந்தப் படிப்புக்கு அரசுக் கடன் கிடையாது.

மாணவனைக் கடனிலிருந்து காப்பாற்ற இது உதவலாம். ஆனால் ஹார்ப்பர் இதைப் பாதி வழியாகத்தான் கட்டினார். மீதி வழியைத் திறந்து வைக்காமல் பாதி வழிக்கு மட்டும் லாப நட்டம் பார்த்தால் நட்டம்தான் தெரியும். இதில் சேரப்போகும் மாணவன் முதலில் கேட்க வேண்டியது "சம்பளம் எவ்வளவு" என்பதல்ல. "இங்கே படிக்கும் எந்தெந்தப் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும்?" என்பதுதான். அதற்கு எழுத்தில் பதில் கிடைத்த பிறகு கடன் விண்ணப்பத்தை நிரப்பலாம்.