கலைச்சொல் வந்தது, வாக்கியம் வந்ததா?

விஞ்ஞானத் தமிழ் என்றவுடன் நம்மவர் நாவில் முதலில் எழுவது கலைச்சொற் பிரச்சினையே. ஒட்சிசன் என்பதா, உயிர்வளி என்பதா. வடமொழியை வைத்துக்கொள்வதா, விலக்குவதா. நூறு ஆண்டுகளுக்கு மேலாக இவ்விவாதம் ஓய்ந்தபாடில்லை. 1916 இல் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேலத்தில் அறிவியற் சொற்களுக்கென்றே ஒரு சங்கம் கண்டனர். 1938 இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற்களைத் திரட்டி நூலாக வெளியிட்டது. இலங்கையில் 1950களிலிருந்து அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை அச்சிட்டது. சொற்கள் குவிந்தன. அச்சொற்களால் ஆன ஒரு பந்தியை மாணவன் எவ்வாறு படித்து விளங்கிக்கொள்வது, தான் செய்த பரிசோதனையைப் பிறர் விளங்குமாறு எவ்வாறு எழுதுவது, அதனை எந்த ஆசிரியர் எந்தப் பாடவேளையிற் கற்பிப்பது என்ற கேள்வி மட்டும் கேட்பாரற்றுக் கிடந்தது. யாழ்ப்பாணத்திலே ஒரு காலத்தில் அக்கேள்விக்கு நடைமுறையில் விடை காணப்பட்டிருந்தது என்பதையே இங்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

பழைய நிலையை முதலில் நோக்குவோம். தொழில்நுட்ப நூல்கள் தமிழுக்குப் புதியன அல்ல. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் பெயரால் வழங்கும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் உண்டு. கணக்கதிகாரம் உண்டு, திண்ணைப் பள்ளியில் எண்சுவடி உண்டு. அந்நூல்கள் செய்யுளில் அமைந்தவை, மனனத்துக்கென்றே ஆக்கப்பட்டவை. ஏடு அரிதாகவும் நினைவு பெரிதாகவும் இருந்த சமுதாயத்தில் அது பொருத்தமான முறையே. சூத்திரத்தை மாணாக்கன் நெட்டுருச் செய்தான்; பொருளை ஆசிரியர் வாய் திறந்து சொன்னார். ஆசிரியர் வாய் திறவாவிட்டால் சூத்திரமும் வாய் திறவாது. வைத்தியம் பரம்பரைச் சொத்தாக, குடும்பத்துக்குள் அடைபட்டு நின்றமைக்கு இதுவும் ஒரு காரணம். வசன நூலின் இயல்பு வேறு. அச்சில் ஏறிய வசனத்தைத் தனித்திருந்து படிக்கலாம், படத்தோடு ஒப்பிடலாம், முன்பக்கம் புரட்டிச் சரிபார்க்கலாம், ஐயுறலாம். ஆனால் அதற்குப் புதியதொரு வாசிப்புப் பயிற்சி வேண்டும்.

அப்பயிற்சி யாழ்ப்பாணத்தில் 19 ஆம் நூற்றாண்டிலே தொடங்கிற்று. 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியில் வானசாத்திரமும் கணிதமும் பிறவும் கற்பிக்கப்பட்டன. உயர் கல்வியின் மொழி ஆங்கிலமாயிருந்தது. 1841 இல் தோன்றிய உதயதாரகைப் பத்திரிகை உலகச் செய்திகளையும் புதிய அறிவையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் தந்தது. 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர் பாலபாடங்களின் மூலம் பிள்ளைகளுக்குத் தெளிந்த வசனத்தைப் பழக்கினார். செமினரியிற் கற்ற கறல் விசுவநாதபிள்ளை 1855 இல் வீசகணிதம் என்ற அட்சரகணித நூலைத் தமிழில் வெளியிட்டார். அதே 1855 இல் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலம் கற்ற இளைஞர் அரசாங்க உத்தியோகத்தை நாடுகின்றனர், மிஷன் ஊழியத்துக்கு வருகின்றாரில்லை என்பது மிஷன் தலைமையின் மனக்குறை.

இச்சூழலிலேதான் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பாரின் பணி நடைபெறுகின்றது. மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்த இவர் 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். 1857 இல் திரும்பிச் சென்று, 1862 இல் மீண்டும் வந்து 1873 வரை இங்கிருந்தார். அவர் மதம் பரப்ப வந்தவர். அதை மறைக்க வேண்டியதில்லை. தம்மைத் ‘தமிழருக்கு மருத்துவ ஊழியர்’ என்று பொறிக்கும்படி கல்லறைக்கும் வாசகம் வைத்தவர். அவருடைய நோக்கம் எதுவாயினும், அவர் கண்டறிந்த சமூக உண்மை நமக்கு முக்கியமானது. தொடக்கத்தில் அவர் மாணாக்கருக்கு மேனாட்டு வைத்தியத்தை ஆங்கிலத்திலேயே கற்பித்தார். கற்றுத் தேறியவர்கள் சம்பளம் தேடி வெளியேறும் நிலையைக் கண்டார். தமிழிற் கற்றவன் தன் ஊரிலே, தன் மக்களிடையே வைத்தியம் பார்ப்பான் என்ற முடிவுக்கு வந்தார். இரண்டாம் வருகையில் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். அவரிடம் பயின்றோர் இரு மொழியிலுமாக அறுபதுக்கு மேற்பட்டோர். அவர்களிற் பாதியளவினர் தமிழிற் கற்றவர்கள்.

கிறீனின் நூல்கள் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். கவிஞர் அம்பி தனி நூலே ஆக்கியுள்ளார். எனவே பட்டியலை விரிக்காமல், நூற்பெயர்களை மட்டும் சற்று நிதானித்துப் பார்ப்போம். 1867 இல் வெளிவந்தது இரண வைத்தியம்; நாட்டு வைத்தியர் வாயில் வழங்கிய சொல் அப்படியே அறுவை வைத்தியத்துக்குப் பெயராயிற்று. 1872 இல் வெளிவந்தது மனுஷ அங்காதிபாதம். அங்காதிபாதம் என்ற சொல் நம் வைத்திய மரபிலே முன்பே இருந்தது. அதே ஆண்டின் வைத்தியாகரம், வைத்தியத்துக்கு ஆகரம், அதாவது சுரங்கம், என்னும் வடமொழித் தொடர். 1875 இன் நூலோ கெமிஸ்தம்! இரசாயனத்துக்கு இசைந்த சொல் இல்லையென்று கண்டபோது ஆங்கிலச் சொல்லுக்கே தமிழ் ஈறு பூட்டிக்கொண்டார்கள். ஊர்ச்சொல், வடசொல், பிறசொல் என்ற மூன்று வழியும் நான்கு நூற்பெயர்களுக்குள் அடங்கியுள்ளன. சொல்லைப் பற்றி அவர்களுக்குப் பிடிவாதம் இருக்கவில்லை. வகுப்பு நடக்க வேண்டும், நோயாளி காத்திருக்கிறான்!

கிறேயின் உடற்கூற்று நூல் இங்கிலாந்தில் 1858 இல் முதலில் அச்சேறியது. பதினான்கு ஆண்டுகளுள், மானிப்பாயில் ஒரு மாணாக்கன் அதன் தமிழ் வடிவைக் கையிலேந்தினான். இன்று எத்தனை துறைகளில் நமக்கு அந்த வேகம் உண்டு?

அதனினும் பெரிய செய்தி ஒன்றுண்டு. மொழிபெயர்ப்பு வேலையிற் கிறீனுக்குத் துணைநின்றவர்கள் பெரும்பாலும் அவருடைய மாணாக்கர்களே. சாப்மன், டன்வோத் முதலியோர் பெயர்கள் அந்நூல்களோடு இணைந்தே நினைக்கப்படுகின்றன. மிஷன் சூட்டிய பெயர்களாயினும் இவர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழ் இளைஞர்கள். எலும்பைத் தொட்டும் புண்ணைக் கட்டியும் பொருளை அறிந்தவர்கள், அந்தப் பொருளுக்கு வாக்கியம் தேடினார்கள். பொருளை விளங்காதவன் எழுதினால் வாக்கியம் தள்ளாடும். தள்ளாடும் வாக்கியம் விளங்காத இடத்தைக் காட்டிக்கொடுக்கும். எழுதுவதே கற்பதாக அமைந்தது. உடற்கூறு ஒரு பாடம், தமிழ் வேறொரு பாடம் என்ற வேலி அந்த வகுப்பில் இருக்கவில்லை.

அம்முயற்சி ஏன் வேரூன்றவில்லை? கிறீன் 1884 இல் மறையும்வரை அமெரிக்காவிலிருந்தபடியே தமிழ் நூல்களிற் கவனம் செலுத்தினார். ஆனால் நாட்டின் ஆட்சியும் பொருளாதாரமும் வேறு திசையில் ஓடின. 1870 இல் கொழும்பில் அரசாங்கம் தொடங்கிய வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலப் பாடசாலைக்குக் கட்டணம். சுயமொழிப் பாடசாலை இலவசம். கட்டணம் செலுத்தக்கூடியவன் பிள்ளைக்கு விஞ்ஞானமும் உத்தியோகமும். ஏழையின் பிள்ளைக்கு எழுத்தும் எண்ணும் சமயமும். தமிழ் ‘இலக்கிய மொழி’ என்று மேடையிற் போற்றப்பட்ட அதே காலத்தில், அது தொழிலுக்கும் நுட்பத்துக்கும் உதவாத மொழியாகப் பள்ளியில் ஒதுக்கப்பட்டது. அப்புகழ்ச்சிக்கும் ஒதுக்கலுக்கும் உறவில்லை என்று நாம் கருதவில்லை.

1945 இல் கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வித் திட்டம் இந்த அமைப்பை உடைத்தது. தாய்மொழிப் போதனை ஆரம்ப வகுப்புகளில் நிலைபெற்றது. 1953 தொடக்கம் ஆறாம் வகுப்பிலிருந்து மேல்நோக்கிப் படிப்படியாக ஏறியது. 1960 இற் பல்கலைக்கழகக் கலைப்பிரிவையும் எட்டியது. உழவர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் பௌதிகமும் இரசாயனமும் தம் மொழியிற் கற்றார்கள். அவ்வெற்றியை ஒருபோதும் சிறுமைப்படுத்தல் ஆகாது. இன்று யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் உள்ள பொறியியலாளரும் வைத்தியரும் பெரும்பாலும் அதன் பேறுகளே.

எனினும், அவசரத்தில் சொற்றொகுதியும் மொழிபெயர்ப்புப் பாடநூலும் வந்தனவேயன்றி மானிப்பாய் வகுப்பின் முறை வரவில்லை. சொல் கொழும்பிலிருந்து அச்சாகி இறங்கியது. மாணவன் அதைப் பெற்றுக்கொண்டான். தமிழகத்துச் சொற்களோடு அது இணங்கவுமில்லை. நாம் வேகம் என்பதற்கு அவர்கள் திசைவேகம் என்பர். அவர்களுடைய வேகம் நமக்குக் கதி. நமக்கு நிறை என்பது புவி இழுக்கும் விசை. அவர்களுக்கு நிறை என்பது பொருளின் அளவு, அதாவது நமது திணிவு. தமிழகத்து நூலொன்றைக் கையிலெடுக்கும் கொடிகாமத்து மாணவி, தெரிந்த சொல்லாலேயே வழிதவறுகிறாள். இதற்காக ஒரு பக்கத்தார் சொல்லை அழித்துவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நூலின் முதற்பக்கங்களில் வரைவிலக்கணத்தைத் தேடிப் படித்து, ‘இந்நூலில் இச்சொல் எதைக் குறிக்கிறது’ என்று தீர்மானிக்கப் பழகிய மாணவிக்கு இரண்டு வழக்கும் தடையாகா. அதைப் பழக்குவது யார்?

பின்வந்த காலம் இந்நிலையை மோசமாக்கிற்று. 1971 ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில், தமிழ்மொழியிற் பரீட்சை எழுதியோர் சிங்கள மொழியில் எழுதியோரைவிடக் கூடிய புள்ளி பெறவேண்டும் என விதிக்கப்பட்டபோது, ஒவ்வொரு புள்ளியும் உயிர்ப்பிரச்சினையாயிற்று. ரியூசன் வகுப்புகள் பெருகின. மாதிரி விடைகள் மனனத்துக்கு வந்தன. செய்யுளை நெட்டுருச் செய்த பழைய மாணாக்கனின் இடத்தில், வசனத்தை நெட்டுருச் செய்யும் புதிய மாணவன் வந்து அமர்ந்தான். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. போர் வந்தது, 2000 ஆம் ஆண்டில் தென்மராட்சி மக்கள் ஊர்களைவிட்டே எழுந்து போயினர். ஆய்வுகூடமும் நூலகமும் இழந்த பள்ளிகளுக்கு எஞ்சியது குறிப்புக் கொப்பிதான்.

கண்டி வீதியிற் சாவகச்சேரிக்குக் கிழக்கே, பருத்தித்துறை வீதி பிரியும் கொடிகாமத்தை அண்டி வாழும் பிள்ளைகளுக்குத் தென்னையும் பலாவும் மிளகாய்த் தோட்டமும் புதியன அல்ல. உச்சி வெயிலில் மிளகாய்க் கன்று துவண்டு, நீர் இறைக்காமலே பொழுதுசாயும்போது நிமிர்வதை அவர்கள் கண்டிருக்கிறார்கள். ‘ஆவியுயிர்ப்பு வீதம் நீர் உறிஞ்சல் வீதத்தை விஞ்சும்போது வாடல் நிகழும்’ என்ற வாக்கியத்தில் அந்தக் கன்றை அவர்களால் அடையாளம் காண முடிவதில்லை. ஆவியுயிர்ப்பு என்ற சொல்லின் பொருள் கேட்டால் சொல்வார்கள். தடை வேறிடத்தில் உள்ளது. வாடுகிறது என்ற வினை வாடல் என்ற பெயராகிவிட்டது. உறிஞ்சுகிறது என்பது உறிஞ்சல் ஆகி, வீதத்துக்கு அடையாகிவிட்டது. யார் செய்தார், எது நடந்தது என்பதெல்லாம் பெயர்களுக்குள் மறைந்துவிட்டன. பெயரை அவிழ்த்து வினையாக்கி, இரண்டு மூன்று சிறு வாக்கியமாகச் சொல்லிப் பார்த்தால் கன்று மீண்டும் கண்ணுக்குத் தெரியும்.

இதற்கு வேண்டிய கருவி தமிழாசிரியர்களாகிய நம் கையிலேயே இருக்கின்றது. தொழிற்பெயரை நாம் ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். உதாரணத்துக்குப் பழம்பாடலைத் தேடுகிறோம், விஞ்ஞானப் புத்தகத்தைத் திறப்பதில்லை. நன்னூற் பொதுப்பாயிரம் நூலுக்குரிய குற்றங்களை வகுத்திருக்கிறது. மாறுகொளக் கூறலும் குன்றக் கூறலும் பரிசோதனைக் குறிப்பேட்டில் வாரந்தோறும் காட்சி தருகின்றன. அவற்றை அப்பெயராற் சுட்டித் திருத்தியவர் எத்தனை பேர்? விஞ்ஞான ஆசிரியரோ மொழி தம் பொறுப்பன்று என்கிறார். வினாத்தாளில் விவரிக்குக, விளக்குக, ஒப்பிடுக, நிறுவுக என்று வேறுவேறு ஏவல்கள் வந்தாலும் பிள்ளை எல்லாவற்றுக்கும் ஒரே விதமாக, தெரிந்ததை எல்லாம் எழுதிவிட்டு வருகிறது. கணிதத்தில் நிறுவுதல் வேறு, வரலாற்றிற் காரணம் காட்டுதல் வேறு என்று யாரும் அதற்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

நமக்கு மட்டும் உரிய குறை அன்று இது. இங்கிலாந்தில் டக்ளஸ் பான்ஸ், ஜேம்ஸ் பிரிட்டன், ஹரல்ட் றோசன் ஆகியோர் 1969 இல் வகுப்பறை மொழியை ஆராய்ந்து நூல் வெளியிட்டனர். 1975 இன் புல்லொக் அறிக்கை, ஒவ்வொரு பாடசாலையும் எல்லாப் பாடங்களுக்கும் பொதுவான மொழிக் கொள்கை ஒன்றை வகுத்துக்கொள்ள வேண்டும் என்றது. அறிக்கை அங்கும் பெருமளவு அலுமாரியிலே உறங்கிற்று என்பதையும் சொல்லிவிடுவோம்.

இலங்கையில் 2001 முதல் உயர்தர விஞ்ஞானத்தையும், பின்னர் கீழ்வகுப்புகளிற் சில பாடங்களையும் ஆங்கிலத்தில் நடத்த இடமளிக்கப்பட்டது. ஆங்கில ஆசிரியர் உள்ள நகரப் பள்ளிக்கு அது வாய்ப்பு. கிராமப் பள்ளிக்கு அது செய்தி. 1870 இன் பிரிவினை வேறு உடையில் வந்திருக்கிறது. ஆங்கிலம் வேண்டாம் என்பார் நம்முள் எவருமில்லை. பல்கலைக்கழக விஞ்ஞானமும் மருத்துவமும் ஆங்கிலத்தில் நடக்கையில் அது வேண்டியதே. ஆயினும் தன் மொழியில் ஒரு நுட்பமான பந்தியை அவிழ்த்துப் படித்தறியாத பிள்ளை, பிறமொழியில் அதைச் செய்யும் என எதிர்பார்ப்பது எவ்வாறு?

நம் பள்ளியில் ஒரு சிறு முயற்சி நடைபெறுகின்றது. பத்தாம் வகுப்பினர் தம் வீட்டுக் கிணற்று நீர்மட்டத்தை மாரியிலும் கோடையிலும் அளந்து, அளந்த முறையையும் பெறுபேற்றையும் இரு பக்கத்தில் எழுதுகின்றனர். எழுதியதை விஞ்ஞான ஆசிரியர், கணித ஆசிரியர், நாம் ஆகிய மூவரும் ஒரே தாளில் மூன்று நிற மையாற் பார்க்கிறோம். அட்டவணையை வசனத்தில் மறுபடி கூறுவது மிகை என்கிறார் கணித ஆசிரியர். வசனமில்லாத அட்டவணை ஊமை என்கிறோம் நாம். அந்தச் சர்ச்சையைப் பிள்ளைகள் ஆவலோடு கேட்கின்றனர். வாரத்தில் ஒரு பாடவேளை இதற்கு வேண்டியிருக்கிறது. அது தமிழின் கணக்கிலா, விஞ்ஞானத்தின் கணக்கிலா எழுதப்படும் என்பது நேரசூசியில் இன்னும் தீரவில்லை.