பதிவேட்டில் அடங்காத ஊர்: மோந்தையூவும் கீழக்குயில்குடியும்

தென் பிரான்சின் பிரனீஸ் மலைச்சரிவில் இருக்கும் மோந்தையூ என்ற சிற்றூரை உலகறியச் செய்தது, அவ்வூரை ஒடுக்க எழுதப்பட்ட ஓர் ஆவணம். 1318 முதல் 1325 வரை ஆயர் ழாக் ஃபூர்னியே சமய விசாரணை நடத்தி எழுதி வைத்த வாக்குமூலங்களைக் கொண்டு, எம்மானுவேல் லெ ருவா லதுரி 1975இல் அவ்வூரின் வரலாற்றை எழுதினார். ஒடுக்கியவரின் ஏட்டிலிருந்தே ஒடுக்கப்பட்டவரின் வாழ்வை மீட்கலாம் என்ற நம்பிக்கையை அந்நூல் பரவலாக்கியது. மதுரைக்கு மேற்கே சமணர் மலையடியில் உள்ள கீழக்குயில்குடிக்கு இந்த வழி பொருந்தாது என்பதே என் வாதம்.

சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாக முத்திரை குத்திய ஆங்கிலேயரின் குற்றப் பழங்குடிகள் சட்டம், மதுரை வட்டாரத்துப் பிறமலைக் கள்ளர் சமூகத்தின் மீது பாய்ந்தபோது 1914இல் முதலில் சிக்கிய ஊர்களுள் கீழக்குயில்குடியும் ஒன்று. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், இரவில் காவலர் கண்ணெதிரே படுக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். மோந்தையூவிலோ ஃபூர்னியே கேள்வி கேட்டார். இடையனும் விதவையும் சொன்ன பதில் ஏட்டில் ஏறியது. அந்தப் பதில்கள் அச்சத்தில் பிறந்தவை என்பதை லதுரி போதிய அளவு எடைபோடவில்லை என்று மானிடவியலர் ரெனாட்டோ ரொசால்டோ சாடியது நியாயமே. ஆயினும் அங்கே பேச்சாவது மிஞ்சியது. கீழக்குயில்குடியில் காவல்துறைக்கு வேண்டியிருந்தது பேச்சு அன்று. ஆள் இருக்கிறானா என்ற கணக்கு மட்டுமே. அந்தக் கணக்கைப் புரட்டிக் குடும்பத்தையும் வழிபாட்டையும் கண்டுவிட முடியாது.

அவற்றைத் தேடி வந்தவர் பிரெஞ்சு மானிடவியலர் லூயி துய்மோன். தென் பிரான்சின் தராஸ்கோன் நகரத் திருவிழாவை ஆராய்ந்து 1951இல் நூல் வெளியிட்ட அதே அறிஞர், பிறமலைக் கள்ளர் பற்றிய பெருநூலை 1957இல் வெளியிட்டார். உறவுமுறை, பங்காளி வழிபாடு, கோயில் உரிமை ஆகியவற்றுக்கு அதற்கு இணையான நூல் இன்றும் அரிது. ஆனால் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது 1947இல்தான். அவர் களத்துக்கு வந்தபோது அந்தப் புண் ஆறியிருக்க வழியில்லை. சமூக அமைப்பைத் தேடிய நூலில் அந்த வலிக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. இதை நான் பெருங்குறையாகவே கருதுகிறேன்.

சமணர் மலையின் கல்லெழுத்துகள் வேறு வகைச் சான்று. அம்மலையின் செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் ஆகிய இடங்களில் 9, 10ஆம் நூற்றாண்டுச் சமணத் திருமேனிகளைச் செய்வித்தவர்கள் தம் பெயரையும் ஆசிரியர் பெயரையும் வட்டெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். இந்த மலையடியில் பெயர்கள் விரும்பிப் பொறிக்கப்பட்ட காலமும் இருந்தது என்பதற்கு அவை சாட்சி. அவர்களுக்கும் இன்றைய ஊராருக்கும் வம்சத் தொடர்பு காட்டச் சான்றில்லை. அதைக் கற்பிப்பது பிழை.

ஆகவே 20ஆம் நூற்றாண்டின் ஊர்க்கதைக்கு வாய்மொழியே முதன்மைச் சான்றாக வேண்டும். மற்றொரு கள்ளர் ஊரான பெருங்காமநல்லூர் இதைக் காட்டும்: ரேகை வைக்க மறுத்த அவ்வூரில் 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறையின் துப்பாக்கிச் சூடு நடந்தது. இறந்த 16 பேரில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அவர் பெயர் ஊர் நினைவில் இன்றும் தனித்து நிற்கிறது. சட்டத்தை எதிர்த்துக் கள்ளருக்காக வாதாடிய மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை மக்கள் ரோசாப்பூ துரை என்றழைத்தார்கள். தமக்காக நின்றவர் யார் என்று அவர்களே செய்த பதிவு அது; எந்தக் காவல் ஏட்டிலும் அதற்குப் பத்தி ஒதுக்கப்படவில்லை.