மரக்கறி விரதமும் மூன்று வியாக்கியானங்களும்

1847-இல் இங்கிலாந்தின் ராம்ஸ்கேட் நகரில் மரக்கறி உணவினர் சங்கம் ஸ்தாபிதமாகி நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும், புலால் என்பது யாது என்ற விவகாரம் அங்கே தீர்ந்தபாடில்லை. புலால் உண்பதில்லை என்று அன்னையாரிடம் விரதம் பூண்டு 1888-இல் சட்டம் பயில லண்டன் சென்ற காந்தியடிகள், விலங்கு பறவைகளின் மாமிசத்தை மட்டும் விலக்கி மீனையும் முட்டையையும் ஏற்போரையும், மீனைத் தள்ளி முட்டையைக் கொள்வோரையும், பாலையுமே வெறுப்போரையும் கண்டு, முட்டை புலாலன்று என்ற வாதத்தில் மயங்கிச் சின்னாள் அதனை உண்டார். பின்னர், விரதத்திற்குப் பொருள் கூறும் உரிமை அதனைச் செய்வித்த அன்னையாருக்கே உரியது எனத் தெளிந்து கைவிட்டார். நம்மவரோ உணவுக்குச் சமயத்தின் பெயரையே சூட்டிச் ‘சைவம்’ என்றனர். அந்தச் சைவ இலையில் நெய்யும் தயிரும் சந்தேகத்திற்கு இடமின்றி வீற்றிருந்தன. இங்கிலாந்திலோ பாலை மறுத்த கட்சியார், டொனால்ட் வாட்சன் முதலியோர் முன்னிற்க, 1944-இல் ‘வீகன்’ என்னும் புதுப் பெயர் புனைந்து தனிச் சங்கமே கண்டனர்.