சொல்லும் எண்ணும்: மோல் கணக்கு நம் வகுப்பறைக்கு வந்த வரலாறு

வேதியியல் பயிலும் மாணவர் முதன்முதலில் தடுமாறும் இடம் மோல் கணக்கு என்பதை ஆசிரியர் யாவரும் அறிவர். பெருக்கலும் வகுத்தலும் நன்கறிந்த மாணவரே அங்குத் திகைத்து நிற்பதைக் காண்கிறோம். அத்தடுமாற்றத்துக்குக் கணிதத்தைக் காட்டிலும் சொற்களே பெரிதும் காரணம் என்பது இவ்வுரையில் நாம் எடுத்துரைக்க விரும்பும் கருத்தாகும்.

சொற்குழப்பம் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஒரே வெப்பத்திலும் அழுத்தத்திலும் சமபருமன் கொண்ட வளிகளில் சம எண்ணிக்கையான மூலக்கூறுகள் இருக்கும் என்று இத்தாலியர் அவகாட்ரோ 1811ஆம் ஆண்டிலேயே கூறினார். எனினும் அரை நூற்றாண்டுக் காலம் அக்கருத்து கவனிப்பாரற்றுக் கிடந்தது. உயிர்வளியின் அணு எடை 8 என்றனர் சிலர். 16 என்றனர் வேறு சிலர். அணு எது, மூலக்கூறு எது என்பதிலேயே உடன்பாடு இல்லை. இதைத் தீர்க்க 1860ஆம் ஆண்டு ஜெர்மானிய நகரான கார்ல்சுரூவில் வேதியியலார் கூடினர். அங்குக் கன்னிசாரோவின் சிறு நூல் வழங்கப்பட்டது. அவகாட்ரோவின் கருத்தைக் கொண்டு அணு எடைகளை ஒழுங்குபடுத்தும் வழியை அது காட்டியது. சொற்களின் பொருள் தெளிந்த பின்னரே கணக்கு நேரானது.

‘மோல்’ என்னும் சொல் அந்நூற்றாண்டின் இறுதியில் ஓசுவால்டின் எழுத்துகள் வழியே பரவியது. 1971ஆம் ஆண்டு அது அனைத்துலக அடிப்படை அலகுகளுள் ஒன்றாயிற்று. 12 கிராம் கார்பன்-12இல் எத்தனை அணுக்கள் உள்ளனவோ அத்தனை துகள்கள் ஒரு மோல் என அப்போது வரையறுத்தனர். 2019 மே 20 முதல் அவ்வரையறை மாறி, 6.02214076 × 10²³ என்னும் எண்ணே நேரடியாக அடிப்படையாயிற்று. ஆக, மோல் என்பது எண்ணிக்கையைக் குறிக்கும் அலகே என்பது இன்று ஐயத்துக்கு இடமின்றித் தெளிவு.

இக்கருத்து தமிழர்க்குப் புதிதன்று. வெற்றிலையை நம் முன்னோர் கவுளியாக எண்ணினர்; ஒரு கவுளி நூறு இலை. கொழுந்து வெற்றிலைக் கவுளியும் முற்றிய வெற்றிலைக் கவுளியும் தராசில் ஒன்றாக நில்லா. எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றே. அவ்வாறே ஒரு மோல் நீர் 18 கிராம். ஒரு மோல் கார்பன் 12 கிராம்.

இனித் தமிழின் பக்கம் திரும்புவோம். 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஷ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவர் முயற்சியில் ‘கெமிஸ்தம்’ என்னும் வேதியியல் நூல் 1875ஆம் ஆண்டு தமிழில் வெளிவந்தது. கார்ல்சுரூ மாநாட்டுக்கும் அந்நூலுக்கும் இடைவெளி பதினைந்தே ஆண்டுகள். அந்நாளில் மோல் என்னும் சொல் மேலை நாட்டிலேயே வழக்குக்கு வரவில்லை. வேதியியலின் வளர்ச்சிக்கு உடன்நடக்கத் தமிழ் அன்றே ஆயத்தமாக இருந்தது என்பதற்கு இது சான்று.

பின்னர்த் தமிழ்க் கலைச்சொற்கள் இரண்டு ஓடைகளாகப் பிரிந்தன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘நிறை’ என்று பொருளின் உள்ளடக்கத்தைக் குறித்தன. புவியீர்ப்பால் விளையும் விசையை ‘எடை’ என்றன. இலங்கைப் பாடநூல்களோ முன்னதைத் ‘திணிவு’ என்றும் பின்னதை ‘நிறை’ என்றும் வழங்கின. ஒரே சொல் இரு கரைகளில் இருவேறு பொருள் தந்தது. அங்கு ‘மோல்’ என்பதும் ‘மூல்’ என்றானது.

இவ்விரு ஓடைகளும் கலந்த இடம் நம் கிள்ளான் பள்ளத்தாக்கு. தமிழகத்திலிருந்து வந்தோர் கிள்ளான் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால் மரம் வெட்டினர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் பலர் இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணிபுரிந்து பிரிக்பீல்ட்ஸில் குடியேறினர். இங்குள்ள தமிழ்ப்பள்ளிகள் மூன்றாவதாக ஒரு சொல்லைக் கொண்டன, அது ‘பொருண்மை’. 2003ஆம் ஆண்டு அறிவியலும் கணிதமும் தமிழ்ப்பள்ளிகளிலும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பயின்ற மாணவர்க்கு அச்சொல் வகுப்பறையில் பழகவில்லை.

தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு நிறைவுறுகிறது. மோல் கணக்கோ நான்காம் படிவத்தில்தான் வருகிறது. அங்கு மாணவர் பொருண்மையை மலாயில் ‘ஜிசிம்’ என்றும் மோல்களின் எண்ணிக்கையைப் ‘பிலாங்ஙான் மோல்’ என்றும் கற்கின்றனர். மாலையில் ஐயம் கேட்டு வரும் மாணவர் தமிழகத்து நூலையோ இலங்கை நூலையோ புரட்டினால், ‘நிறை’ என்னும் சொல்லிடத்தே வழி தவறிவிடுகின்றனர்.

நம் மண்ணின் எடுத்துக்காட்டு ஒன்று கூறுவோம். தோட்டங்களில் இரப்பர்ப் பாலை உறையவைக்கத் தொடக்கத்தில் அசெட்டிக் அமிலமும் பின்னர் ஃபார்மிக் அமிலமும் பயன்பட்டன. ஒரு மோல் அசெட்டிக் அமிலம் 60 கிராம். ஒரு மோல் ஃபார்மிக் அமிலம் 46 கிராம். இரண்டையும் ஒரே எடையாக அளந்தால் மூலக்கூறுகள் சமமாகா. 60 கிராமுக்கு 46 கிராம் எனக் கொண்டால்தான் எண்ணிக்கை ஒக்கும். 11.5 கிராம் ஃபார்மிக் அமிலத்தை 46ஆல் வகுத்தால் 0.25 மோல், அதில் ஏறத்தாழ 1.5 × 10²³ மூலக்கூறுகள். பாட்டனார் வாளியில் ஊற்றிய அமிலத்தைப் பேரன் தாளில் எண்ணுகிறான். இடையில் வேண்டுவது தெளிந்த சொல் ஒன்றே.

ஆதலின் ஆசிரியர்க்கு நாம் முன்வைக்கும் வேண்டுகோள் இது. ‘பொருண்மை’, ‘எடை’, ‘மோல்’ என்னும் மூன்றையும் இந்நாட்டில் ஒரே பொருளில் வழங்குவோம். ‘நிறை’ என்னும் சொல் எந்நூலில் எப்பொருளில் வருகிறது என்பதை முதல் நாளிலேயே மாணவர்க்கு உணர்த்துவோம். ‘ஜிசிம்’ என்பதன் அருகே ‘பொருண்மை’ என்று எழுதிக் காட்ட ஒரு நொடி போதும். தேர்வுத்தாளில் எம்மொழியில் எழுதினும், விளங்கிக்கொள்ளும் மொழி தாய்மொழியாக இருத்தல் கூடும். கார்ல்சுரூவில் கூடியோர் செய்ததும் ஏறத்தாழ இதுவே: சொல்லை முதலில் நேராக்கினர், எண் தானே நேராயிற்று.