சித்தம்பூண்டிக் கல்லும் கணிப்பொறிக்குள் ஒரு நிலவும்

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3இன் விக்ரம் கலம் நிலவின் தென்பகுதியில் இறங்கியதும், பழைய சேலம் ஜில்லா முழுக்க ஒரு பேச்சு கிளம்பியது: நம்ம ஊர் மண் நிலாவுக்குப் போயிருக்கிறது! உண்மையில் ஒரு பிடி மண்கூடப் போகவில்லை. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் எடுத்த பாறை இஸ்ரோவின் சோதனைக்காகப் பெங்களூரு வரை போனதோடு சரி. ஆனால் பெருமைப்பட அதைவிட வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. விண்கலத்தின் பயணத்தைக் கணிப்பொறியில் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கும் தொழில் சமன்பாடுகளை மட்டும் நம்பி வளர்ந்ததல்ல. பூமியில் ஏதோ ஓரிடத்துக் கல்லிலும் மண்ணிலும் உரசிப் பார்த்த பிறகே அந்தக் கணக்குகள் நம்பத்தக்கவை ஆயின. அப்படி உரசிப் பார்த்த இடங்களில் ஒன்று நம் பக்கத்தில் இருக்கிறது. 'நம்' என்று தருமபுரிக்காரர்களும் சொல்லலாம். சித்தம்பூண்டிப் பாறைத் தொகுதியைப் பற்றி நிலவியலாளர் ஏ.பி. சுப்பிரமணியம் எழுதிய விரிவான ஆய்வு அமெரிக்க நிலவியல் சங்கத்தின் இதழில் 1956இல் வந்தபோது, அதன் தலைப்பிலேயே 'சேலம் மாவட்டம், மதராஸ் மாநிலம்' என்றுதான் இருந்தது. தருமபுரி அப்போது அதே மாவட்டத்துக்குள் அடக்கம். தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2 அன்று. நாமக்கல் பிரிந்தது 1997இல்தான்.

சுப்பிரமணியம் அதை எழுதியபோது நிலவு அவர் கணக்கில் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஸ்புட்னிக் பறந்ததே மறு ஆண்டுதான். குருந்தக்கல் கிடைக்கும் இடம் என்ற அளவில் சித்தம்பூண்டி முன்பே தெரிந்த ஊர். அங்குள்ள அனார்த்தசைட் பாறை ஏறக்குறைய முழுவதும் கால்சியம் மிகுந்த ஃபெல்ஸ்பார் என்ற வெளிர்நிறக் கனிமத்தால் ஆனது. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். 1969இல் அப்போலோ 11 கொண்டுவந்த மண்ணில் இதே இனத்தைச் சேர்ந்த வெள்ளைத் துணுக்குகள் கிடைத்தன. நிலவில் வெளிறித் தெரியும் மேட்டு நிலங்கள் இந்தப் பாறையால் ஆனவை என்ற முடிவுக்கு அறிவியல் வந்தது அதற்குப் பிறகே. தருமபுரிப் பக்கத்துச் சார்னோக்கைட், நைஸ் பாறைகளும் பழமையில் குறைந்தவையல்ல. ஆனால் நிலவுக்கு உறவுமுறை கொண்டாட அவற்றால் முடியாது.

கணிப்பொறி இருக்கும்போது கல் எதற்கு என்று கேட்கலாம். பூமியிலிருந்து நிலவுவரை செல்லும் பாதையைப் போடுவதற்குக் கல் தேவையில்லைதான். ஈர்ப்புவிசைகளைக் கூட்டிக் கழித்து, இன்ன நொடியில் இன்ன திசையில் இவ்வளவு நேரம் எஞ்சினை எரி என்று கணிப்பொறி சொல்லிவிடும். வெற்றிடத்தில் குறுக்கிட அதிகம் எதுவும் இல்லை. சிக்கல் தரையில்தான். துகள்கள் ஒன்றையொன்று எப்படிப் பற்றிக்கொள்ளும், சக்கரம் எவ்வளவு ஆழம் புதையும், எங்கே வழுக்கிச் சுழலும் என்பதை நியூட்டனின் விதிகளிலிருந்து நேரடியாகக் கறந்துவிட முடியாது. 1950களில் தாமஸ் கோல்ட் என்ற வானியலாளர், நிலவுச் சமவெளிகளில் ஆழமான தூசி நிரம்பியிருக்கலாம் என்று வாதிட்டார். இறங்கும் கலம் அதில் அமிழ்ந்துவிடும் என்ற அச்சம் பரவியது. அதைத் தீர்த்துவைத்தது கணக்கு அல்ல. 1966 பிப்ரவரியில் சோவியத்தின் லூனா 9 இறங்கி, அமிழாமல் நின்று படம் அனுப்பியது. அமெரிக்கர்களும் அடுத்த ஆண்டே அரிசோனாவின் எரிமலைச் சாம்பல் வெளியில் வெடிவைத்துப் பள்ளங்கள் உண்டாக்கி, அங்கே தங்கள் விண்வெளி வீரர்களைப் பழக்கினார்கள்.

இஸ்ரோ அதே பாதையில்தான் வந்தது. சந்திரயான்-2க்கு 60, 70 டன் அளவில் செயற்கை நிலவு மண் தேவைப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வாங்கினால் கிலோவுக்குச் சுமார் 150 டாலர் ஆகியிருக்கும். ஆகவே சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியலாளர்களும் திருச்சி என்.ஐ.டி.யின் மண் பொறியியல் துறையும் சேர்ந்து, சித்தம்பூண்டிக் கல்லை உடைத்து, அரைத்து, நிலவு மண்ணின் துகள் அளவுகளுக்குச் சலித்து எடுத்தார்கள். பெங்களூருவில் அதைப் பரப்பி, உலாவி வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். நிலவின் குறைந்த ஈர்ப்பைப் போலச் செய்ய, ஹீலியம் பலூன் ஒன்று வண்டியின் எடையை மேலிருந்து தாங்கியது. இந்தச் செயற்கை மண்ணுக்கு 2014இல் விண்ணப்பித்த காப்புரிமை 2020 மே மாதம் கிடைத்தது. செலவு மிச்சமானது என்பதைத்தான் செய்திகள் பெரிதாக எழுதின. எனக்கு அது இரண்டாம்பட்சம். துகள்களின் ஒட்டும் தன்மை, உராய்வு, தாங்குதிறன் என்று அந்த மண்ணில் அளந்தெடுத்த எண்கள்தாம் சரக்கு. கணிப்பொறிக்குள் ஓடும் சக்கரத்துக்குத் தரையாக அமைபவை அவைதான்.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் வரும். முதலாவது: அது அசல் நிலவு மண் அல்லவே? அல்லதான். விண்கற்கள் கோடிக்கணக்கான ஆண்டுகள் மோதி உருக்கிய கண்ணாடித் துணுக்குகளும் காற்றும் நீரும் தீண்டாத கூர்மையும் நாமக்கல் கல்லுக்குக் கிடையாது. ஆனால் எதில் ஒக்கும், எதில் ஒவ்வாது என்று தெரிந்த மாதிரி, எதுவும் தெரியாத ஊகத்தைவிட மேல். இரண்டாவது ஆட்சேபம் கனமானது: 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2இன் விக்ரம் விழுந்து நொறுங்கியதே, இந்த மண் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை, செய்யவும் முடியாது. இஸ்ரோ பின்னர் சொன்ன விளக்கத்தின்படி, எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தின. பிழைகள் சேர்ந்தன, கலம் திரும்ப வேண்டிய வேகத்தில் திரும்பவில்லை, இறங்கக் குறித்திருந்த இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான். அந்தத் தோல்வி என் கட்சிக்கே சாட்சி சொல்கிறது. எஞ்சின் எவ்வளவு தூரம் பிசகலாம் என்பதற்குக் கணக்கில் போதிய இடம் விடப்படவில்லை. சந்திரயான்-3இல் இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக அகலமாக்கினார்கள். எது எது தவறலாம் என்ற கேள்வியிலிருந்து வடிவமைப்பைத் தொடங்கினார்கள். ஹெலிகாப்டரில் கட்டி உணரிகளைச் சோதித்தார்கள், கலத்தின் கால்களைச் செயற்கை நிலவு மண் மேல் போட்டுப் பார்த்தார்கள்.

கல்லைத் தேர்ந்தது சரியா என்பதற்கு நிலவிலிருந்தே பதில் வந்தது. சந்திரயான்-3இன் பிரக்யான் உலாவி சுமார் 100 மீட்டர் ஓடி, 23 இடங்களில் மண்ணின் வேதிக்கூறுகளை அளந்தது. 2024 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வந்த முடிவின்படி, அங்குள்ள மண் பெரும்பாலும் அனார்த்தசைட் வகையே. இறங்கும் முன் பாறையின் இனத்தைப் பற்றிச் செய்த அனுமானம் இறங்கிய பின் உறுதியானது. விண்வெளித் தொழிலில் இது அடிக்கடி வாய்ப்பதில்லை.

பிரக்யானின் எடை 26 கிலோ. 2025 மார்ச்சில் அரசு ஒப்புதல் தந்த சந்திரயான்-5, ஜப்பானுடன் சேர்ந்து 250 கிலோ உலாவியைக் கொண்டுபோகும் என்று அப்போது அறிவித்தார்கள். ஏறத்தாழ பத்து மடங்கு கனத்த வண்டியின் சக்கரம் மண்ணை வேறு விதமாக அழுத்தும். இலேசான வண்டிக்கு அளந்த எண்களை அப்படியே பத்தால் பெருக்கிக்கொள்ள முடியாது.