மலைக்குளிரும் மோட்டார் இயந்திரமும்

மலையக வரலாற்றை எழுதுவோர் கோப்பியையும் தேயிலையையும், துரைமாரையும் கங்காணிமாரையும் விரிவாகக் கூறுவர். ஆயின், வண்டிச் சாரதியின் விடியற்காலை அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1270 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா ஏறத்தாழ 1870 மீற்றர் உயரத்திலும் அமைந்துள்ளன. தை, மாசி மாதங்களில் நுவரெலியாப் புல்வெளிகளில் உறைபனி படிவதுமுண்டு. இத்தகைய குளிரில் இயந்திரத்தைச் சூடேற்றிய பின்னரே புறப்படும் வழக்கம் எவ்வாறு நிலைபெற்றது, இன்றும் அது வேண்டப்படுவதா என்பனவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோப்பிக் காலத்தில் மலைநாட்டு விளைபொருளைச் சுமந்தது மாட்டு வண்டியே. புகையிரதம் 1867இல் கண்டியையும், 1884இல் ஹட்டனையும் அடைந்தது. நீராவி எஞ்சின் புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்னரே அதன் உலையில் தீ மூட்டப்படல் வேண்டும். எனவே, இயந்திரம் சூடேறக் காத்திருத்தல் மோட்டார் வண்டியுடன் மலைக்கு வந்த புதுமையன்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு மோட்டார் வண்டிகள் வந்தன. அன்றைய வண்டியை முன்புறத்துக் கைபிடியைச் சுழற்றியே இயக்கினர். இயந்திரம் எதிர்த்து உதைப்பின் மணிக்கட்டு முறியும். ஆதலால் பெருவிரலைக் கைபிடியைச் சுற்றி மடக்காது பிடித்தல் சாரதியர் கற்ற முதற்பாடம். 1912இல் கடிலாக் வண்டியில் மின்விசையால் இயக்கும் முறை புகுத்தப்பட்டபோதிலும், பற்றரி சோர்ந்த காலைகளுக்காகக் கைபிடி நெடுங்காலம் வண்டியிலேயே இருந்தது. வண்டியைச் சரிவில் நிறுத்தி உருளவிட்டு இயக்குவதும் மலைநாட்டார்க்கு எளிதாயிற்று.

குளிரில் பெற்றோல் நன்கு ஆவியாவதில்லை, மசகெண்ணெயும் தடித்துவிடும். இக்குறையை நிரப்பச் ‘சோக்’கை இழுத்துக் காற்றைக் குறைத்து, பெற்றோலைக் கூட்டினர். கார்புரேற்றர் சூடேறுமுன் வண்டியை ஏற்றத்தில் செலுத்தினால் இயந்திரம் திணறி நின்றுவிடும். ஆகவே காத்திருத்தல் அன்று தேவையாகவே இருந்தது.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. துரையின் வண்டி இயந்திரம் சூடேற அவகாசம் அளிக்கப்பட்ட அதே பனிக்காலையில், தப்பு ஒலி கேட்டதும் தொழிலாளர் லயத்தை விட்டுப் பிரட்டுக்களத்துக்கு விரைய வேண்டியிருந்தது. இரும்புக்குக் காட்டப்பட்ட பரிவு அதனருகே நடுங்கி நின்ற உடலுக்குக் காட்டப்படவில்லை. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் தனியார் நிருவாகத்துக்குச் சென்றபோதும் லயங்கள் மறைந்துவிடவில்லை.

இயந்திரமோ பெரிதும் மாறிவிட்டது. இன்றைய பெற்றோல் வண்டிகளில் குளிரை உணர்ந்து எரிபொருளை அளந்து செலுத்தும் மின்னணு அமைப்பு உள்ளது. அரை நிமிடம் ஓடவிட்டு, முதற்சில மைல்கள் மெதுவாகச் செலுத்துதலே போதுமானது. நின்ற நிலையினும் ஓடும் நிலையிலேயே இயந்திரம் விரைவாகச் சூடேறும். வீணே ஓடவிடுவதால் எரிபொருள் அழியும். மூடிய கொட்டகையில் புகை உயிரையும் பறிக்கும். எனினும், காற்றழுத்தத் தடை பூட்டிய பஸ்ஸும் லொறியும் அழுத்தம் நிறையும்வரை நின்றே ஆகவேண்டும். ஹட்டன் சரிவுகளில் அதனை எவரும் வீண் என்னார்.

தேவை மறைந்த பின்னும் வழக்கம் எஞ்சுவதுண்டு. அவ்வாறு எஞ்சியவற்றுள் எதைக் கைவிடுவது என்பதை அறிய வரலாறு துணைசெய்யும். இயந்திரத்தைச் சூடேற்றும் வழக்கத்தை இன்று நாம் விட்டுவிடலாம். குளிரில் நடுங்கும் லயத்தையும் அதனோடு விட்டொழித்தலே மலையகத்தின் முன்னுள்ள பெருங்கடன்.